கோவலன் கூத்துக்கு உபயகாரர் தேடியபோது

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. அவருடைய தகரப் பெட்டிக்குள் ஐந்து சீ.ஆர். கொப்பிகள். முல்லைமோடியில், அதாவது முல்லைத்தீவுப் பாணியில், ஆடும் கோவலன் கூத்து முழுவதையும் நீல மையில் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். தகப்பனார் வழியாக வந்த பழைய கொப்பிகள் 2009 இல் இடம்பெயர்ந்து ஓடிய வழியில் போய்விட்டன. பிறகு மனிக்பாம் முகாமில், கூடாரத்துக்குள் குந்தியிருந்து, கூத்துப் பாட்டான தருக்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். ஊருக்குத் திரும்பிய பிறகும் எழுதினார். ஐந்து கொப்பி நிறைய நாலு வருடம் பிடித்தது.

2023 ஆவணியில் ஒருநாள் மூன்றாவது கொப்பியை எடுத்துக் காட்டினார். கறையான் தொட்டிருந்தது. ஓரம் அரித்து, ஒரு பக்கத்தில் விருத்தத்தின் ஈற்றுச் சொற்கள் தூளாகக் கையில் வந்தன. அவர் அந்த இடத்தைப் பார்க்காமலே பாடிக் காட்டினார். இப்போதைக்கு அது அவர் தொண்டைக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு? அன்று இரவு நானும் தம்பியும் இருந்து கதைத்தோம். முழுக் கூத்தையும் மத்தளம், சல்லரி, பிற்பாட்டு எல்லாவற்றோடும் பதிவு செய்ய வேண்டும், கொப்பியைத் தட்டச்சுச் செய்து நூலாக அச்சிட வேண்டும், நூலில் ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும், போன் கமராவைக் காட்டினால் அந்தப் பாட்டைக் கேட்கக்கூடிய ஒரு கியூ ஆர் கட்டம் வைக்க வேண்டும். ஆசைப்படச் செலவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 826,000 ரூபாய்.

நான் முன்பள்ளி ஆசிரியை. தம்பி கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். எங்களிடம் எட்டு இலட்சம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் இணையத்தின் வழியாகச் சேர்க்கலாம் என்று இறங்கினோம். திரள்நிதித் தளம் ஒன்றைத் தேர்வது இவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது. வன்னியில் இருந்துகொண்டு இதே மாதிரி ஒரு நூலுக்கோ, குறும்படத்துக்கோ, பாட்டுத்தட்டுக்கோ காசு சேர்க்க நினைப்பவர்கள் நாங்கள் தடக்கின இடத்தில் தடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு அவசரம். கட்டணம் குறைவு, பதிவது சுலபம் என்று ஒருவர் சொன்ன தளத்தில் அன்றிரவே கணக்குத் திறந்தேன். அதன் பெயர் வேண்டாம். நாடு என்ற இடத்தில் இலங்கை என்று போட்டேன், அது ஏற்றுக்கொண்டது. படம் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆட்கள் கார்டால் காசு போட்டார்கள், அதையும் ஏற்றுக்கொண்டது. மூன்று கிழமையில் 31 பேர். நாங்கள் சந்தோசத்தில் மிதந்தோம். காசை எடுக்கப் போன அன்றுதான் அடையாள அட்டையும் வங்கி விபரமும் கேட்டது. அழுத்தினால் கீழே விரியும் நாட்டுப் பட்டியலில் இலங்கையே இல்லை. மேலும் கீழும் நாலைந்து தரம் உருட்டிப் பார்த்தேன். இல்லை. கடிதம் எழுதினேன், காசு கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகும் என்று பதில் வந்தது. திரும்பிப் போக ஏழு கிழமை எடுத்தது. அந்த ஏழு கிழமையும் 31 பேருக்கும் நான் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதில் சிலர் இரண்டாம் முறை எங்கள் பக்கம் வரவேயில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். தளத்தின் முகப்பைப் பார்க்காதீர்கள், காசு வெளியே எடுக்கும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். எந்த நாட்டு வங்கிக்குப் போகும், யார் பெயரில் போகும், என்ன அடையாளப் பத்திரம் கேட்கும் என்பவை அங்கேதான் இருக்கும். பெரும்பாலான தளங்கள் கார்டுக் காசை ஸ்ட்ரைப் என்ற நிறுவனத்தின் வழியாக வாங்குகின்றன. ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் தருவதில்லை. பேபாலும் நாங்கள் இந்த வேலையில் இறங்கிய காலத்தில் இங்கிருந்து காசு அனுப்ப விட்டதே தவிர வாங்க விடவில்லை. இந்த இரண்டையும் முதலே அறிந்திருந்தால் ஏழு கிழமை மிச்சம்.

அந்த முதல் முயற்சியில் இன்னொன்றும் நடந்தது. காசு திரும்பிப் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய பாடம். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், நல்ல மனசோடுதான், அண்ணாவியாரின் படம் ஒன்றை எடுத்துத் தன் முகநூலில் போட்டார். வெறும் மேலோடு, வேலிக் கரையில், கையில் கத்தியோடு தென்னோலை வெட்டிக்கொண்டு நின்ற படம். மேலே எழுதியிருந்தது: போரில் எல்லாம் இழந்த ஏழைக் கலைஞருக்கு உதவுங்கள். பேரன் போனில் அதைக் கண்டு அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டான்.

அடுத்த நாள் நான் போனபோது அவர் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, திண்ணையில் இருந்தார். கொப்பிப் பெட்டி பூட்டியிருந்தது.

"பிள்ளை, நான் ஆரிட்டையும் பிச்சை கேட்டனானே?"

எனக்கு வாய் வரவில்லை. அவரும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி வைக்கச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தார். ஆனால் பெட்டியைத் திறக்க இன்னும் பத்து நாள் ஆனது.

வன்னிச் சனம் நிவாரண வரிசையில் நின்று களைத்த சனம். எங்கள் முகத்தைக் காட்டி எங்களுக்கே தெரியாமல் எத்தனையோ பேர் காசு சேர்த்த காலம் ஒன்று இருந்தது. அதனால் இங்கே ஒரு கலை வேலைக்குத் தளம் தேர்வதென்றால், அந்தத் தளம் எங்களை எப்படி நிறுத்துகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. கையேந்துகிறவராக நிறுத்துகிறதா, ஒரு பொருளைச் செய்து தருகிறவராக நிறுத்துகிறதா? கட்டண வீதத்தைவிட நான் இதைத்தான் பெரிதாக எடுக்கிறேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறது. உபயம். கோயில் திருவிழாவில் ஒருநாள் ஒரு குடும்பத்தின் உபயம், அடுத்த நாள் இன்னொரு குடும்பத்தின் உபயம். உபயகாரர் யாருக்கும் உதவி செய்வதாக நினைப்பதில்லை. அவர் பெயர் நோட்டீசில் வரும், காளாஞ்சி அவருக்குக் கொடுபடும், திருவிழா எல்லாருக்கும் நடக்கும். அச்சுக்கும் இந்த வழக்கம் புதிதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வருமுன்னரே வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் சேர்த்துத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். இணையத் தளம் அந்தக் கையொப்பக் கொப்பிதான். இதை மனசில் வைத்துக்கொண்டு தளங்களைப் பார்க்கத் தொடங்கியதும் தெரிவு தானாகவே சுருங்கியது.

கோஃபண்ட்மீயைத்தான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம், ஊரில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் அதில்தான் சேர்க்கிறார்கள். இலக்கைத் தொடாவிட்டாலும் வந்த காசை எடுக்கலாம், அவசரத்துக்கு அது நல்லது. இலங்கையிலிருந்து நேரே தொடங்க முடியாது, அங்கே இருக்கும் ஒருவர் தொடங்க வேண்டும். எனக்கு அதில் தடை நாடு அல்ல. அந்தத் தளத்துக்கு வருகிறவர் துன்பத்தைப் பார்க்கத் தயாராகத்தான் வருகிறார். அங்கே கோவலன் கூத்தை வைத்தால் அண்ணாவியார் மறுபடியும் வேலிக் கரைப் படமாகிவிடுவார். வேண்டாம் என்று விட்டோம். மருத்துவத்துக்கோ வீடு எரிந்ததற்கோ என்றால் நான் அதைத்தான் சொல்லுவேன்.

இந்தியாவின் மிலாப், கெட்டோ போன்றவற்றையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் கூத்தை விரும்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்ற ஆசை. ஆனால் அங்கேயும் பெரும்பாலும் மருத்துவ உதவிதான், காசு இந்திய வங்கிக்குத்தான் போகும். பேட்ரியன் மாதா மாதம் ஆதரவு தரும் ஏற்பாடு. மாதம் ஒரு பாட்டு, ஒரு படம் என்று தொடர்ந்து தருகிறவருக்கு அது பொருந்தும். எங்களுடையது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை. நாங்கள் பார்த்த காலத்தில் இண்டிகோகோவில் சேர்ந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்ற தெரிவும் இருந்தது, முழுதும் சேர்ந்தால் மட்டும் என்ற தெரிவும் இருந்தது. எங்கள் நாட்டு வங்கிக் கணக்கு அங்கேயும் செல்லவில்லை.

கடைசியில் கிக்ஸ்டார்ட்டர். 2009 இல் அமெரிக்காவில் தொடங்கியது, கலைக்கும் புதுப் பொருள்களுக்கும் என்றே இருப்பது. அதில் இரண்டு சட்டம் எனக்குப் பிடித்தது. ஒன்று, தருமத்துக்குக் காசு சேர்க்க அது விடாது. பகிரக்கூடிய ஏதாவதொன்றை நீங்கள் செய்து முடிக்க வேண்டும். சேரும் காசில் ஒரு பங்கை அண்ணாவியார் வீட்டுக் கூரைக்குக் கொடுப்போம் என்று எழுதவும் முடியாது. நல்லதாய்ப் போயிற்று. அவருக்கு 60,000 ரூபாய் சன்மானம் என்று செலவுக் கணக்கிலேயே போட்டோம், ஒலிப்பதிவுக்காரருக்குப் போட்டதுபோல. இரண்டாவது, இலக்கு முழுதும் சேர்ந்தால்தான் ஒருவரின் கார்டிலிருந்தும் காசு கழியும். ஒரு சதம் குறைந்தாலும் எல்லாம் விட்டது.

இந்த இரண்டாவது சட்டத்துக்குப் பயந்தவர்கள் பலர். தம்பியும் பயந்தான். அந்தத் தளம் தானே வெளியிடும் கணக்கில் பத்தில் நாலு திட்டம்தான் இலக்கைத் தொடுகிறது. ஆனால் அரைக் காசு கையில் வந்தால் எங்களுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோவலன் மதுரைக்குப் போகும் வரைக்கும் பதிவு செய்துவிட்டு, வழக்குரைப்பதற்குக் காசில்லை என்று நிற்பதா? கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? முதல் முறை காசு மாட்டுப்பட்டவர்களிடம் மறுபடி போக எனக்குத் துணிவு தந்ததும் இதே சட்டம்தான். "சேராவிட்டால் உங்கள் காசு உங்களிடமே நிற்கும், கழியவே கழியாது" என்று சொல்ல முடிந்தது. பாதியில் நின்றாலும் பயன்படும் வேலைக்கு, உதாரணமாக ஐந்து சிறு பாட்டில் மூன்றை வெளியிடலாம் என்றால், சேர்ந்தவரை எடுக்கும் ஏற்பாடு நல்லது. முழுதாய் நின்றால்தான் வேலை என்றால் மற்றது.

சரி, கிக்ஸ்டார்ட்டரும் இலங்கையை ஏற்பதில்லை. தொடங்குகிறவர் அது ஏற்கும் நாடுகளில் ஒன்றில் நிரந்தரமாக வசிக்க வேண்டும், அங்கே வங்கிக் கணக்கும் அடையாளமும் வேண்டும். இலண்டனில் இருக்கும் மச்சாளைக் கேட்டேன். உன் பெயரை மட்டும் தா, வேலையை நாங்கள் பார்க்கிறோம் என்றேன். அவள் உடனே மறுத்துவிட்டாள்.

"வெறும் பேர் குடுக்க மாட்டன். செய்யிறதெண்டால் சேர்ந்து செய்வம்."

அப்போது எனக்குச் சுட்டது. பிறகுதான் அவள் சொன்னது எவ்வளவு சரி என்று விளங்கியது. தளத்தின் பார்வையில் வாக்குக் கொடுத்தவர் அவள். நூல் போய்ச் சேராவிட்டால் அவளைத்தான் கேட்பார்கள். வரியும் அவள் தலையில்தான். பிரித்தானியாவில் இப்படித் தொழில் வழியாக ஒரு வரி ஆண்டில் ஆயிரம் பவுணுக்கு மேல் வந்தால் வரித் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், செலவைக் கழித்துத்தான் இலாபம் பார்ப்பார்கள். அதனால் இங்கே செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும், மத்தளக்காரரின் சாப்பாட்டுக்குக்கூட, பற்றுச்சீட்டு எழுதிப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினோம். அவள் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அனுப்பும் வேலையையும் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் மூன்று பேரின் பெயரையும் போட்டு, யார் எங்கே இருக்கிறார், யார் என்ன செய்கிறார், காசு எப்படி முள்ளியவளைக்கு வரும் என்று திறந்து எழுதினோம். உறவினர் பெயரில் தொடங்குகிறவர்கள் இதை மறைக்காதீர்கள். எழுதின பந்தியை வாசித்துவிட்டுத்தான் நம்பினோம் என்று பின்னர் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

இலக்கு 2,400 பவுண். கட்டணக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பலர் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். தளத்துக்கு 5 வீதம். கார்டு வேலைக்கு 3 வீதமும் ஒவ்வொருவருக்கும் 20 பென்சும். பத்துப் பவுணுக்குக் குறைந்த தொகைக்கு அந்த 3 வீதம் 5 வீதமாகிவிடும், 20 பென்சு 5 பென்சாகும். ஐந்து பவுண் கொடுப்பவர் பத்துப் பேர் வந்தால் கட்டணமாகப் போவது அதிகம், நன்றிக் கடிதம் எழுதும் வேலையும் அதிகம். எனவே ஒலிப்பதிவு மட்டும் வேண்டியவருக்கு 12 பவுண் என்று அடிப்படியை வைத்தோம். தபால் செலவும் இலக்கோடு சேர்ந்தே எண்ணப்படும் என்பது இன்னொரு பொறி. திரையில் இலக்கைத் தொட்டதாகக் காட்டும் தொகைக்குள்ளே முத்திரைக்குப் போக வேண்டிய காசும் ஒளிந்திருக்கும்.

முடிவில் 92 பேர் 2,740 பவுணுக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று பேரின் கார்டு கழியவில்லை. திருத்த ஏழு நாள் தவணை கொடுத்தும் சரிவரவில்லை. அதில் 75 பவுண் போனது. வந்தது 2,665. கட்டணம் எல்லாம் 231. மச்சாளின் கணக்குக்கு வந்தது 2,434 பவுண். அன்றைய மாற்று வீதத்தில் ஒன்பது இலட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி. காசு முடிந்த அன்றே வராது, இரண்டு கிழமை எடுக்கும். ஒலிப்பதிவுக்காரருக்கு முற்பணம் கொடுக்கும் நாளை இதை வைத்துத்தான் குறியுங்கள். இங்கே வங்கிக்கு வந்தபோது என்ன காசு, எதற்கு வந்தது என்று கேட்டார்கள். அச்சகத்தின் விலைச்சீட்டையும் தளத்தின் பக்கத்தையும் காட்டினோம், பிரச்சினை இருக்கவில்லை.

நாள் குறித்ததைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 வைகாசி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும் காலம். முள்ளியவளை ஆட்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அந்த நாட்களில் மனசு இங்கேதான் இருக்கும். காட்டாவிநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிவதிலிருந்து வற்றாப்பளையில் பொங்கும் வரை போனில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணகியின் கூத்துக்கு அதைவிட நல்ல நேரம் ஏது. மே 3 தொடங்கி ஜூன் 2 இல் முடித்தோம். முடிவு நாள் மாதத் தொடக்கத்தில் விழ வேண்டும் என்பது மச்சாளின் யோசனை. கார்டிலிருந்து காசு கழிவது கடைசி நாளில்தான், சம்பளம் வந்த கையோடு கழிந்தால் தவறாது. மூன்று பேரோடு தப்பியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு மாதம் அறிவிப்புப் பக்கம் மட்டும் திறந்து வைத்தோம். விரும்பினவர் அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் தொடங்கும் அன்று மின்னஞ்சல் போகும். முதல் மூன்று நாளில் இலக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது அந்த ஆட்களால்தான். பிறகு ஒன்பதாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை ஆறே ஆறு பேர். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி அண்ணாவியாரிடம் போய், கண்ணகி வழக்குரைக்கும் இடத்தில் ஒரு தருவை நாற்பது விநாடி மட்டும் போனில் பதிந்து போட்டான். மத்தளம் இல்லை. வேப்பமரத்துக் காகம் ஒன்றும் சேர்ந்து கத்துகிறது. அதைக் கேட்டுவிட்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் வட்சப்பில் அனுப்பினார்கள். நாங்கள் பாடுபட்டுச் செய்த நாலு நிமிட வீடியோவைவிட அந்த நாற்பது விநாடி அதிக பேரைக் கொண்டுவந்தது. முன்னமே போட்டிருக்க வேண்டும்.

ஆனால் எல்லாரும் தளத்துக்கு வரமாட்டார்கள். ஸ்காபரோவில் இருக்கும் மாமா போன் எடுத்துச் சொன்னார்: "பிள்ளை, உந்த இணையத்தில கார்ட் நம்பர் அடிக்க எனக்குப் பயம். அக்கவுண்ட் நம்பரைத் தா, போட்டு விடுறன்." அவரைப்போல எத்தனை பேர். தளத்தில் வந்தவர்களில் பெரும்பங்கு அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகள்தான், அவர்களுக்காகவே பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழில் முழுதாக இன்னொரு முறை எழுதினோம். வயதானவர்களைத் தளத்துக்குள் தள்ளப் பார்ப்பது வீண். வெளியே வரும் காசு தளத்தின் இலக்கில் எண்ணப்படாது, அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஊருக்குள் நாங்கள் தளத்தைப் பற்றிப் பேசவேயில்லை. ஒரு கொப்பி வாங்கி, மேலே கையொப்பக் கொப்பி என்று எழுதி, ஒரு நூலுக்கு முன்பணம் ஆயிரம் ரூபாய் என்று வீடு வீடாகப் போனோம். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு. 96 பேர் கையொப்பம் வைத்தார்கள். முதல் வரியில் இருப்பது அண்ணாவியாரின் கையெழுத்து. அவர் மடியிலிருந்து ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து, நீவி, கொப்பிக்கு நடுவில் வைத்தபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அந்த ஒரு வருடத்தில் படித்திருந்தேன்.

பதிவு நாலு இரவு நடந்தது. அதைப் பற்றித் தனியாக எழுதலாம். பதினாலு பேர், மத்தளத்தின் சத்தம் குரலை மூடிக்கொண்டே இருந்தது, மத்தளத்தைத் தள்ளி வைக்க அண்ணாவியார் விடவில்லை. கடைசியில் ஒலிவாங்கியைத்தான் தள்ளி வைத்தோம்.

அச்சு எங்கள் பக்கத்து அச்சகத்தில். கலியாண அழைப்பிதழும் 31ஆம் நாள் நினைவு மலரும் அடிக்கிற இடம், தடித்த நூல் கட்டிப் பழக்கமில்லை. முதல் பத்துப் பிரதியில் பசை விட்டது. அவர்களே திரும்பக் கட்டித் தந்தார்கள். நூலுக்குரிய சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெற வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன்னரே விண்ணப்பியுங்கள்.

அனுப்புவதுதான் எங்களைக் காப்பாற்றிய இடமும், கவிழ்க்கப் பார்த்த இடமும். முல்லைத்தீவிலிருந்து வெளிநாட்டுக்குத் தனித்தனிப் பொதியாக அனுப்பினால் சில நாடுகளுக்கு முத்திரைக் காசு நூலின் விலையைத் தாண்டிவிடும். இதை மச்சாள் பிரதி அச்சாகுமுன்னரே யோசித்தாள். பிரித்தானியத் தபாலில் 2.5 சென்ரிமீற்றர் தடிப்புக்கும் 750 கிராமுக்கும் உட்பட்ட உறை பெரிய கடிதம் என்ற கணக்கில் போகும், பொதிக்குரிய கட்டணம் வராது. அந்த அளவை எங்களுக்குச் சொல்லி, நூலை அதற்குள் அடக்கச் சொன்னாள். எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து, தாளைக் கொஞ்சம் மெல்லியதாக எடுத்து, 420 கிராமில் முடித்தோம். வெளிநாட்டுக்கு வேண்டியிருந்தது 64 பிரதி. மொத்தம் 27 கிலோ. ஊருக்கு வந்துவிட்டு இலண்டன் திரும்பிய ஓர் அக்கா தன் பெட்டியில் முழுவதையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். உபயகாரரின் முகவரியை நாங்கள் ஜூனிலேயே வாங்கிவிட்டோம், நூல் போனது தை மாதம். இடையில் வீடு மாறிய மூன்று பேரின் உறை திரும்பி வந்தது. முகவரியை அனுப்பும் மாதத்தில் கேளுங்கள்.

நூலின் கடைசி நாலு பக்கம் உபயகாரர் பெயர்கள். தளத்தில் வந்தவர், அக்கவுண்டில் போட்டவர், கொப்பியில் கையொப்பம் வைத்தவர் எல்லாரையும் ஒரே வரிசையில், தொகை போடாமல், அகர வரிசையில் வைத்தோம். சிலர் தங்கள் பெயருக்குப் பதிலாக இறந்துபோன தாய் தகப்பன் பெயரைப் போடச் சொன்னார்கள்.

முதற் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணாவியார் பாட்டுகளைத் திறக்கவில்லை. அவை அவருக்குத் தெரிந்தவை. பின்பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைத் தூக்கி வைத்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு போனார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது. 12 பவுண் கொடுத்த ஒருவரின் பெயர். எங்களுக்கு யாரென்றே தெரியாத ஆள்.

"இவன் எண்பத்திமூண்டில என்னட்டைக் கண்ணகி ஆடினவன்," என்றார். "நம்பர் இருக்கே, பிள்ளை?"

மின்னஞ்சல் போட்டு நம்பர் எடுத்துக் கொடுத்தேன். அந்த அண்ணை இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அண்ணாவியாருடன் கதைக்கிறார். மூன்றாவது கொப்பியில் கறையான் தின்ற இன்னோர் இடத்தில், அண்ணாவியாருக்கே நினைவு வராமல் நாங்கள் வெறுமையாக விட்ட இரண்டு தருக்கள் இருந்தன. கண்ணகி பாடுகிற தருக்கள். சென்ற மாதம் அந்த அண்ணை அவற்றைப் பாடிக் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். அண்ணாவியார் மூன்று தரம் கேட்டார், இரண்டாவது தருவில் ஒரு சொல்லைத் திருத்தினார், பிறகு பேனை எடுத்து நூலின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.